பழைய மடிக்கணினிக்கு மாற்று: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் சில மாதங்களாக ஒரே கேள்விதான். "டீச்சர், என் மடிக்கணினியில் விண்டோஸுக்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று வருகிறது. புதிது வாங்கித்தான் ஆக வேண்டுமா? எதை வாங்கலாம்?" விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. அதனால் கணினி அன்றே நின்றுவிடாது. பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் புதுப்பிப்புகள்தான் வராது. இருந்தாலும் எமிஸ் பதிவுகளையும் வங்கிக் கணக்கையும் ஒரே கணினியில் பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது கவலை தரும் செய்திதான்.

நான் கணினி ஆசிரியர் அல்ல, கணிதம் நடத்துபவள். ஒருமுறை தவறாக வாங்கி ஏமாந்தவள் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

கொரோனாக் காலத்தில் இணைய வகுப்புகளுக்காக அவசரமாக ஒரு மடிக்கணினி வாங்கினேன். மெலிதாக, எடை குறைவாக, விலையும் குறைவாக இருந்தது. 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பு. பழையதில் 500 ஜி.பி. இருந்ததே என்று கேட்டதற்கு, "இப்போதெல்லாம் எல்லாம் இணையத்தில்தான் மேடம்" என்றார் விற்பவர். விண்டோஸே அந்த 64-இல் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. ஓராண்டுக்குள் புதுப்பிப்பு இறங்கவே இடமில்லை. தேனியில் பழுது பார்க்கும் என் பழைய மாணவனிடம் கொண்டு போனேன். பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல கழட்டி மாட்ட ஒண்ணுமே இல்ல டீச்சர். ரேம், ஸ்டோரேஜ் ரெண்டையும் போர்டுலயே பற்றவச்சிருக்கான்" என்றான். பிறகு நான் ஒதுக்கி வைத்திருந்த பழையதைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். "மெஷினுக்கு வயசாகல டீச்சர், இந்தத் தட்டுக்குத்தான் வயசாயிருச்சு" என்றான்.

அவன் சொன்னது வன்தட்டை. பழைய மடிக்கணினிகளில் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஒரு தட்டும், அதன்மேல் நகர்ந்து படிக்கும் ஒரு முனையும் இருக்கும். கணினி இயங்கத் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி அந்த முனை அங்குமிங்கும் ஓட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமையும் 8 ஜி.பி. ஆக்கினான். பத்து நிமிடம் முனகிக்கொண்டிருந்த கணினி அரை நிமிடத்தில் திறந்தது. செலவு, புதியதன் விலையில் ஒரு சிறு பகுதிதான்.

எனவே கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போங்கள். டிஸ்க் என்ற வரி எந்நேரமும் 100 விழுக்காட்டை ஒட்டியே நின்றால், பெரும்பாலும் குற்றவாளி வன்தட்டுதான். அதே இடத்தில் மெமரி என்பதை அழுத்தினால் ரேமுக்கு எத்தனை ஸ்லாட் உண்டு, எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். மாறாக, கீல் உடைந்து திரை ஆடுகிறது, மதர்போர்டில் பழுது என்றால் அதில் பணம் போடாதீர்கள்.

அடுத்து பிராசஸரின் வயது. விண்டோஸ் 11-க்கு, பொதுவாக, இன்டெலில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ தேவை, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஐ3, ஐ5 என்ற பெயர் வயதைச் சொல்லாது. அதை அடுத்து வரும் எண்தான் சொல்லும். ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை. எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: ஐ3-1215 என்பது பன்னிரண்டாம் தலைமுறை. நான்காம் தலைமுறை ஐ7-ஐ "ஐ7 சார்" என்று பெருமையாக விற்பார்கள். அதைவிடப் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 எவ்வளவோ மேல்.

எட்டுக்கு முந்தையது என்றால் தூக்கிப் போட வேண்டும் என்பதில்லை, லினக்ஸ் நிறுவலாம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வழி வந்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். நம்மில் பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. ஆனால் குமுளி மலையேறி அந்தப் பக்கம் இறங்கினால், கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் இயங்குகின்றன. அம்மாநிலத்தின் 'கைட்' நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு ஆசிரியர்களுக்கென்றே ஓர் இயங்குதளம் தருகிறது. எமிஸ் போன்ற தளங்களை உலாவியில் திறப்பது, யூனிகோடில் வினாத்தாள் தட்டச்சு செய்வது, காணொலி காட்டுவது ஆகியவற்றுக்கு அது போதும்.

சரி, புதிதுதான் வாங்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எல்லோரும் பிராசஸரில் தொடங்குவார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் சர்வீஸில் தொடங்க வேண்டும் என்பேன். கம்பத்திலிருந்து தேனிக்கு 40 கிலோமீட்டர். தேனியிலிருந்து மதுரைக்கு அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. உத்தரவாதத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பழுது பார்ப்பவர் நம் வீட்டுக்கு வருவார். மற்றொன்றில் நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டாம் வகை என்றால் கொண்டு கொடுக்க ஒருநாள், வாங்கிவர ஒருநாள் என இரண்டு தற்செயல் விடுப்பு போய்விடும். வாங்கும் முன்பே நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்து உங்கள் அஞ்சல் குறியீட்டு எண்ணைச் சொல்லி, "இந்த ஊருக்கு ஆள் வருவார்களா?" என்று கேட்டுவிடுங்கள். கூடலூருக்கும் சின்னமனூருக்கும் ஒரே பதில் வரும் என்று எண்ண வேண்டாம். கூடுதல் தொகை கட்டி உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டிக்க முடிந்தால், அந்தப் பணம் அதிகப்படியான அழகுக்குக் கொடுப்பதைவிடப் பயனுள்ளது.

இரண்டாவது, என்னை ஏமாற்றிய விஷயம்: ரேம் கழற்றி மாட்டக்கூடியதா, பற்றவைத்ததா? பற்றவைத்தது என்றால் 16 ஜி.பி.யாகவே வாங்குங்கள். ஸ்லாட் இருந்தால் 8 போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம். சேமிப்பு எஸ்.எஸ்.டி.யாக, 512 ஜி.பி. அளவில் இருக்கட்டும். விலைப்பட்டியலில் இ.எம்.எம்.சி. என்ற சொல் கண்ணில் பட்டால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

ஏ.எம்.டி.யின் ரைசன் வகையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ரைசன் 5 7520 என்ற எண்ணில் முதல் இலக்கத்தைப் பார்த்துப் புதியது என்று நினைப்போம். மூன்றாவது இலக்கமான 2-தான் அதன் உள்வடிவமைப்பைக் குறிக்கிறது. அது 2019-இல் வந்த வடிவமைப்பு. அதோடு வரும் ரேமும் பற்றவைத்ததாகவே இருக்கும். நம் வேலைக்கு அது ஓடாது என்றில்லை; புதியதற்கான விலை கொடுக்க வேண்டாம் என்பதே செய்தி.

பணம் குறைவாக இருப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி, அலுவலகங்கள் பயன்படுத்தி விற்ற திங்க்பேட், லாட்டிட்யூட், புரோபுக் போன்றவற்றைப் பில்லோடும் சில மாத உத்தரவாதத்தோடும் தரும் கடையில் வாங்குவது. தலைமுறை எட்டு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கடையிலேயே அரை மணி நேரம் ஒரு காணொலியை ஓடவிடுங்கள். பேட்டரியின் உண்மை நிலை தெரிந்துவிடும். ஆடிக்காற்றில் ஒருநாளைக்கு எத்தனை முறை மின்சாரம் போய் வருகிறது என்பது நமக்குத்தானே தெரியும்? புரொஜெக்டருக்கு எச்.டி.எம்.ஐ. துளை, பென்டிரைவுக்கு வழக்கமான யு.எஸ்.பி. துளை, சன்னல் வெளிச்சத்தில் கண்ணாடிபோல் பளபளக்காத திரை, இவற்றையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

பழையதைக் கைவிடும் முன் செய்ய வேண்டிய ஒன்றை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டு வினாத்தாள்கள் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். கோப்புகளை மட்டும் புதிய கணினிக்கு மாற்றினால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்துருக்களையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள், ஓய்வு கிடைக்கும்போது யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். விண்டோஸ் 11-இல் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, தனி மென்பொருள் தேவையில்லை.

பிள்ளைகளின் ஆதார் நகல், புகைப்படம், பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாம் பழைய வன்தட்டில்தான் கிடக்கும். கழற்றிய வன்தட்டைக் கடையிலேயே விட்டுவராமல் கையோடு வாங்கி வாருங்கள். கணினி பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறியது என்றால், பாகம் மாற்றுவதற்கும் கழிப்பதற்கும் முன் தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

என் மெலிந்த மடிக்கணினியில் இப்போது லினக்ஸ் ஓடுகிறது. அந்த 64 ஜி.பி.யில் பாதி இன்னும் காலியாக இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அதில்தான் ஜியோஜீப்ராவில் முக்கோணம் வரைகிறார்கள்.