சேனையார் கட்டிய அணையும் மலைக்காட்டின் காப்பும்

கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் நெல் விளையும் 14,707 ஏக்கர் நிலத்திற்கு ஜலம் அளிப்பது பெரியாறு அணையென்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. ராயல் இஞ்சினீயர்ஸ் படையைச் சேர்ந்த கர்னல் ஜான் பென்னிகுயிக் 1887-ல் தொடங்கிய இவ்வேலை 1895-ல் முடிவுற்றது. சென்னைப் பயனீர் படைச் சிப்பாய்களும் இதில் உழைத்தனர். மேற்கு நோக்கி ஓடிய ஆற்றுநீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டு, சுருளியாற்றோடு கூடி வைகையை அடைகின்றது.

ஆயினும் அணையானது ஜலத்தைத் தேக்குமேயன்றி உண்டாக்காது. உண்டாக்குவது மேலுள்ள காடே. சருகும் வேரும் நிறைந்த மண் மழையை உள்வாங்கிக் கோடையிலும் சிறுகச் சிறுகக் கசியவிடும். காடு அழிந்தாலோ, வெள்ளம் மண்ணைக் கரைத்து இறங்கும். ஏரியும் வண்டலால் மேடிடும்.

இவ்வேரியைச் சூழ்ந்த காட்டைத் திருவாங்கூர் சமஸ்தானத்தார் 1934-ல் வனவிலங்குச் சரணாலயமாக்கினர். 1978-ல் அது புலிகள் காப்பகமாயிற்று. நம் பக்கத்து மேகமலைக் காடும் 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. பாசனத்திற்கென்று சேனையார் தேக்கிய ஏரி, யானைக்கும் கடமானுக்கும் தண்ணீர்த் துறையாயிற்று. யானை பழங்களைத் தின்று நெடுந்தூரம் விதை பரப்புவதால், காடு தானே புதுப்பிக்கப்படுகின்றது.

அழிந்த மலையைச் சீர்ப்படுத்துவது எத்தனை கடினமென்பதற்கு வடக்கே ஓர் உதாரணம் உண்டு. சுண்ணாம்புக்கல் வெட்டி மொட்டையான முசூரி மலைகளில் மரம் வளர்க்க, முன்னாள் சிப்பாய்களைக் கொண்டு 1982-ல் பிராந்திய சேனையில் ஒரு தனிப் பட்டாளமே அமைக்க வேண்டியதாயிற்று. உள்ள காட்டைக் காப்பதற்கோ பட்டாளம் வேண்டுவதில்லை. மலையடிவாரத்தாரின் கவனமே போதும்.

மிருகங்களால் குடியானவருக்கு நஷ்டமில்லையென்று சொல்வதற்கில்லை. 2023 மே மாதத்தில் ஒரு யானை கம்பம் நகரத்திற்குள்ளேயே புகுந்தது. எனினும் வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது பரிகாரமாகாது. அது சட்டவிரோதம், மிருகத்தையன்றி மனிதரையும் கொல்லும். பயிர்ச் சேதம் நேர்ந்தால் தாமதியாது வனச்சரக அலுவலகத்தில் மனுச் செய்து நஷ்டஈடு கோருதல் வேண்டும். கிராம அதிகாரிகளும் சேதத்தை உடனுக்குடன் பார்வையிட்டு உதவுவாராயின், குடியானவர் வேறு வழி தேடார்.

மேலும், மாசி, பங்குனி மாதங்களில் அடிவாரத்து வரப்புப் புல்லுக்கும் தட்டைக்கும் தீயிடலாகாது. காப்புக் காட்டினுள் கால்நடைகளை ஓட்டுதலும் கூடாது. மேலே ஒரு பொறி பற்றினால், அதன் நஷ்டம் கீழே வாய்க்காலில் தெரியும்.