மருத்துவமனை வாசலில் ஓர் ஒப்பந்தம்

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கப்பட்டபோது, சிகிச்சை பெறும் இடத்தில் நோயாளியிடம் பணம் கேட்கக் கூடாது என்பதே அதன் அடிப்படைக் கொள்கையாக இருந்தது. அங்கு இன்றும் பிரசவத்துக்கோ, இதய அறுவைச் சிகிச்சைக்கோ, புற்றுநோய்ச் சிகிச்சைக்கோ நோயாளி கட்டணம் செலுத்துவதில்லை. ஆனால், இங்கிலாந்தின் பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில், அந்தச் சிகிச்சைக்காக வந்த காரை நிறுத்துவதற்குக் கட்டணம் உண்டு. சில நேரங்களில் அது அத்துடன் முடிவதுமில்லை. வீடு திரும்பிய சில நாள்களில், "நீங்கள் அனுமதிக்கப்பட்ட நேரத்தைத் தாண்டிவிட்டீர்கள், 100 பவுண்டு செலுத்துங்கள், 14 நாள்களுக்குள் செலுத்தினால் 60 பவுண்டு போதும்" என்று ஒரு தனியார் நிறுவனத்தின் கடிதம் வந்து சேர்கிறது.

இந்தக் கடிதங்களைச் சுற்றி நடக்கும் பூசல் அங்கு நாடாளுமன்றம் வரை எட்டிய அரசியல் பிரச்னை. வெளிநாட்டு விவகாரம்தானே என்று நாம் அதைக் கடந்துவிட முடியாது. மருத்துவமனை வளாகத்தை வாகன நிறுத்த ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கும் வழக்கம் நம் நகரங்களிலும் வேரூன்றிவிட்டது.

முதலில் அந்தக் கடிதத்தின் சட்டத் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். பார்ப்பதற்கு அது அரசின் அபராதச் சீட்டுப் போலவே இருக்கும். உள்ளாட்சி அமைப்பு விதிக்கும் அபராதத்துக்கும், தனியார் நிறுவனம் அனுப்பும் அறிவிப்புக்கும் ஆங்கிலத்தில் 'பி.சி.என்.' என்ற ஒரே சுருக்கப் பெயர்தான். ஆனால், தனியார் அனுப்புவது அபராதமன்று. ஒப்பந்தத்தை மீறியதற்கான பணக் கோரிக்கை. வாகன நிறுத்துமிட வாசலில் உள்ள பலகையில் நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அதைக் கடந்து உள்ளே சென்று காரை நிறுத்துபவர் அந்த நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டார் என்று சட்டம் கருதுகிறது. கையொப்பம் இல்லை, பேச்சு இல்லை. பலகையும் சக்கரமும் சேர்ந்தால் ஒப்பந்தம்.

இந்த வணிகம் இன்றைய வடிவத்தைப் பெற்றதில் 2012-ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. அதுவரை தனியார் நிலங்களில் நிறுத்தப்பட்ட வாகனங்களின் சக்கரத்தைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும் வழக்கம் இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதைத் தடை செய்த அந்தச் சட்டம், அதற்கு ஈடாக நிறுவனங்களுக்கு ஒரு வசதியைத் தந்தது. காரை ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால், உரிய அறிவிப்பு அனுப்பியபின் அதன் பதிவு பெற்ற பொறுப்பாளரிடமே பணம் கேட்கலாம். எண் பலகையைப் படிக்கும் கேமரா, கார் உள்ளே வந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. அரசின் வாகனப் பதிவு முகமை, ஒரு கோரிக்கைக்கு 2.50 பவுண்டு பெற்றுக்கொண்டு முகவரியைத் தருகிறது. இவ்வாறு கடைவீதி, மருத்துவமனை என எல்லாத் தனியார் நிர்வாக நிறுத்துமிடங்களுக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட முறை முகவரிகள் பெறப்படுகின்றன.

இத்தகைய கோரிக்கை செல்லுமா என்ற கேள்விக்கு 2015 நவம்பர் 4 அன்று பிரிட்டன் உச்சநீதிமன்றம் விடையளித்தது. 'பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ்' என்ற அவ்வழக்கு, செம்ஸ்ஃபோர்டு நகரின் ஒரு கடைவீதி வளாகத்தைப் பற்றியது. இரண்டு மணி நேரம் இலவசம். மீறினால் 85 பவுண்டு. வழக்கில் சிக்கியவர் 56 நிமிடங்கள் கூடுதலாக நிறுத்தியிருந்தார். நிறுவனத்துக்கு ஏற்பட்ட இழப்பைவிடப் பல மடங்கு அதிகமான தொகை என்பதால் அது செல்லாது என்று அவர் வாதிட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை. இடத்தை ஒருவரே பிடித்துவைத்துக்கொள்ளாமல் தடுப்பதில் நிறுவனத்துக்கு நியாயமான நலன் உண்டு, தொகையும் மிகையானதன்று, பலகைகள் தெளிவாக இருந்தன என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் டூல்சன் பிரபு. குழந்தைக்கு உடை மாற்ற நேர்ந்த தாய், மெல்ல நடக்கும் முதியவர், மாற்றுத்திறனாளி, வெளியேறும் வழியில் நெரிசலில் சிக்கியவர் என, தன் தவறின்றியே தாமதிக்க நேர்பவர்களை அவர் எண்ணிப்பார்த்தார். சூழ்நிலைக்கேற்ப விட்டுக்கொடுக்க இடமே தராத நிபந்தனை நுகர்வோருக்கு நியாயமானதாகுமா என்பது அவருடைய கேள்வி.

கடைவீதி வழக்கில் சிறுபான்மைக் கருத்தாக நின்றுவிட்ட அந்தக் கேள்வி, மருத்துவமனையில் மையக் கேள்வியாகிறது. கடைக்குச் செல்பவர் எப்போது வெளியேறுவது என்பதைத் தானே முடிவு செய்கிறார். நிபந்தனை பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகிறார். மருத்துவமனையில் நேரம் நோயாளியின் கையில் இல்லை. பத்து மணிக்கு மருத்துவரைப் பார்க்க நேரம் ஒதுக்கப்பட்டவர் பன்னிரண்டு மணிக்கு அழைக்கப்படலாம். ரத்தப் பரிசோதனைக்கும் ஊடுகதிர் படத்துக்கும் அனுப்பப்படலாம். அன்றே உள்நோயாளியாகச் சேர்க்கப்படலாம். அவரைத் தாமதப்படுத்துவது மருத்துவமனை. தாமதத்துக்கு விலை கேட்பது மருத்துவமனை நியமித்த ஒப்பந்ததாரர். மயங்கிய தந்தையைப் பின்னிருக்கையில் கிடத்திக்கொண்டு வரும் மகன் வாசற்பலகையின் சிறிய எழுத்துகளைப் படித்து, ஆலோசித்து, சம்மதித்தான் என்று கொள்வது சட்டத்தின் கற்பனையே அன்றி உண்மையன்று.

மறுதரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். நகர மையத்தில், ரயில் நிலையத்துக்கும் கடைவீதிக்கும் அருகில் இருக்கும் மருத்துவமனையில் கட்டணமே இல்லையென்றால், அலுவலகம் செல்பவர்கள் காலையிலேயே இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். நோயாளிக்கு இடம் கிடைக்காது. தளம், விளக்கு, காவல் ஆகியவற்றுக்குச் செலவு உண்டு. கட்டணம் வராவிட்டால் அந்தச் செலவு சிகிச்சைக்கான நிதியிலிருந்துதான் போகும். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் வாகன நிறுத்தத்தின் மூலம் ஆண்டுக்குப் பத்துக் கோடி பவுண்டுக்கும் மேல் ஈட்டிவந்திருக்கின்றன. அதைக் கைவிடுவது எளிதன்று.

ஆயினும், வேறு வழி உண்டு என்பதை அண்டை நிலங்கள் காட்டின. 2008-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தும் வேல்ஸும் மருத்துவமனைக் கட்டணத்தைக் கைவிட முடிவெடுத்தன. தடையாக நின்றவை ஏற்கெனவே கையெழுத்தான நீண்டகாலத் தனியார் ஒப்பந்தங்கள். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ, எடின்பரோ, டண்டீ நகரங்களின் மூன்று பெரிய மருத்துவமனைகள் நிரந்தர இலவசமாக 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. வேல்ஸின் கார்டிஃப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒப்பந்தம் 2018-இல்தான் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, அதே மருத்துவமனையின் பணியாளர்கள் வாகன நிறுத்த நிறுவனம் தொடுத்த வழக்கில் தோற்று, பெருந்தொகை செலுத்த வேண்டியவர்களானார்கள். வடக்கு அயர்லாந்து 2022-இல் கட்டணத் தடைச் சட்டம் இயற்றியபின், நிதிச்சுமை கருதி நடைமுறைக்கு வரும் நாளை இரண்டு ஆண்டுகள் தள்ளிவைத்தது. ஓர் அரசு இடும் கையெழுத்து அடுத்தடுத்த அரசுகளின் கைகளையும் கட்டிப்போடும் என்பதற்கு இவை சான்றுகள்.

இங்கிலாந்து நடுவழியைத் தேர்ந்தது. மாற்றுத்திறனாளிகள், அடிக்கடி சிகிச்சைக்கு வரும் புறநோயாளிகள், இரவு தங்கும் குழந்தை நோயாளிகளின் பெற்றோர், இரவுப் பணியாளர்கள் ஆகியோருக்கு இலவசம் என்று 2019 இறுதியில் அறிவித்து, அதைப் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. ஏனையோருக்காக அரசின் வழிகாட்டு நெறிகள் உள்ளன. ஒப்பந்ததாரரின் செயலுக்கு மருத்துவமனையே பொறுப்பு. வெளியேறும்போது, நிறுத்திய நேரத்துக்கு மட்டும் பணம் பெறும் முறையைப் பரிசீலிக்க வேண்டும். விதிமீறல் அறிவிப்புகளின் வருவாயை மட்டுமே நம்பிய ஒப்பந்தம் கூடாது. இவை மிகச் சரியான நெறிகள். இவற்றின் குறை ஒன்றுதான்: இவை சட்டமல்ல.

சட்டத்தின் வழியே ஒழுங்குபடுத்தும் முயற்சி தடுமாறியிருக்கிறது. தனியார் வாகன நிறுத்தத்துக்கு அரசே நடத்தை விதிகள் வகுக்க வேண்டும் என்று 2019-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2022 பிப்ரவரியில் அவ்விதிகள் வெளியாயின. பெரும்பாலான தொகைகளுக்கு 50 பவுண்டு உச்சவரம்பு வைத்தன. நிறுவனங்கள் நீதிமன்றத்தை நாடின. நான்கே மாதங்களில் அரசு விதிகளைத் திரும்பப் பெற்றது. நிறுவனங்களின் சங்கங்கள் தாமே வகுத்த விதிகளும், அவற்றின் மேல்முறையீட்டு அமைப்புகளுமே இப்போதைக்குப் புகலிடம். கடிதத்தைப் புறக்கணித்து, நீதிமன்ற உத்தரவையும் கவனிக்காமல் விட்டவரின் கடன் தகுதிப் பதிவில் அது ஆறு ஆண்டுகள் தங்கிவிடும். அந்த அச்சத்தில், நியாயம் தன் பக்கம் இருந்தும் 60 பவுண்டைச் செலுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்வது பலருக்கும் எளிதாகத் தோன்றுகிறது. தள்ளுபடி என்பது இங்கே வாதாடாமல் இருப்பதற்கான விலை.

நம் நாட்டில் நிலைமை சற்று வேறு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதப்பட்டிருந்தாலும், அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. வாகனத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று சீட்டில் அச்சிடுவது எல்லா நேரமும் கைகொடுக்காது என்பதையும், விடுதி ஊழியரிடம் சாவியை ஒப்படைத்தபின் திருடுபோன கார் தொடர்பான வழக்கில், 2019 நவம்பரில் நம் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இவற்றைவிட முக்கியமான வேறுபாடு, நம் மருத்துவமனை வாசலில் இன்னும் பெரும்பாலும் ஒரு மனிதர் நிற்கிறார் என்பது. சீட்டுக் கிழிக்கும் அவரிடம், "ஐயா, உள்ளே அம்மாவைச் சேர்த்துவிட்டார்கள்" என்று சொல்ல முடிகிறது. அவர் இரங்கலாம், இரங்காமலும் போகலாம்; ஆனால் கேட்கிறார். வாசல்களில் கேமரா வரும் நாளில் அந்த வாய்ப்பு இருக்காது.

அதற்குமுன் நாம் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு எளியது. வாகன நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே மூன்று நிபந்தனைகள் அதில் இருக்க வேண்டும். ஒப்பந்ததாரரின் வருவாய் விதிமீறல் தொகையிலிருந்து வரக் கூடாது. புறநோயாளிப் பிரிவிலோ வார்டிலோ இடும் ஒரு முத்திரை, கூடுதல் நேரக் கட்டணத்தை ரத்து செய்யப் போதுமானதாக இருக்க வேண்டும். இறுதி முடிவெடுக்கும் அதிகாரம் மருத்துவமனை நிர்வாகத்திடமே இருக்க வேண்டும். இடத்தைப் பராமரிக்கக் கட்டணம் பெறுவதில் தவறில்லை. காத்திருக்க வைத்தவர்களே காத்திருந்ததற்காகத் தண்டிப்பதுதான் தவறு.