கேட்போர் நோக்கில் வில்லியனூர்ச் சுடுமண் விற்பனை: சமூக ஊடகச் சொல்வழக்கு குறித்த விளக்கம்

புதுச்சேரி, வில்லியனூர் கொம்யூன் பகுதியின் சுடுமண் கைவினை புவிசார் குறியீடு பெற்றது. அவ்வூர்க் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. எனினும் பெயரும் விருதும் மட்டுமே ஒரு பொருளை விற்றுத் தருவதில்லை. வாங்குவோர் பலர் பொருளை முதலில் காண்பது கைப்பேசியில்தான். அங்கு அவர்கள் எழுப்பும் வினாக்களே சந்தை உத்திக்கு முதன்மைத் தரவாகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொல்காப்பியச் செய்யுளியல் தொகுத்துரைக்கும் 34 உறுப்புகளுள் கேட்போர், களன், காலம், பயன், முன்னம் ஆகியவையும் அடங்கும். செய்யுள் இலக்கணத்தை வணிகத்திற்குப் பொருத்துவது மிகையெனத் தோன்றலாம். ஆயினும் ஒரு கூற்றை யார், யாருக்கு, எவ்விடத்து, எப்பொழுது கூறுகின்றார் என நோக்கும் பயிற்சி இங்கும் பயன்படும். விருப்பக்குறி அழகைப் பாராட்டுவது. அது வாங்கும் எண்ணத்தைக் காட்டுவதன்று. தனிச்செய்தியில் வரும் 'விலை என்ன?', 'உடையாமல் வந்து சேருமா?' என்னும் வினாக்களில்தான் அவ்வெண்ணம் வெளிப்படுகிறது.

விநாயகர் சதுர்த்தியையொட்டி எழும் 'தண்ணீரில் கரையுமா?' என்ற வினா தனியே ஆராயத்தக்கது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் பாரிஸ் சாந்துச் சிலைகளை விலக்குகின்றன. எனவே 'மண் பிள்ளையார்' தேடுவோர் கரையும் சிலையையே கருதுகின்றனர். சுடாத களிமண் கரையும். சூளையில் சுட்டது கரையாது. விற்பவர் இரண்டையும் 'டெரகோட்டா' என்றோ 'மண் சிலை' என்றோ பொதுப்படக் குறித்தால், கரைக்க வாங்கியவர் ஏமாற்றமடைவார். ஆண்டு முழுதும் வீட்டில் வைக்க விரும்புபவரோ பொருளைக் கண்டடையவே மாட்டார். 'சுட்டது', 'சுடாதது' என்னும் இரு சொற்கள் இங்கு விளம்பரப் படத்தைவிட வலியவை.

காலம் பற்றிய சிக்கலும் உண்டு. அகல்விளக்கின் தேவை மிகும் கார்த்திகை, வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே வருகிறது. ஈரக்காற்றில் மண் எளிதில் உலராது, சூளையும் தடைப்படும். ஆகவே முந்தைய ஆண்டு எவ்வடிவ விளக்கை எத்தனைபேர் வினவினர் என்ற குறிப்பு, ஆவணிக்குள் கைவினைஞர் கையில் இருத்தல் வேண்டும். வாட்ஸ்அப் நிலைத்தகவல் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். முன்பதிவு நாடுவோருக்கு நிலைத்திருக்கும் பொருட்பட்டியலே ஏற்றது.

ஊர்ப்பெயர் வழக்கும் கருதத்தக்கது. ரோமன் எழுத்தில் 'வில்லியனூர்' யகரத்திற்குரிய எழுத்துடனும் அஃதின்றியும் எழுதப்படுகிறது. தேடுவோர் எவ்வடிவை இடினும் பொருள் அகப்பட, பதிவுகளில் இரு வடிவங்களையும் தமிழ் வடிவத்தையும் சேர்த்தே இடுதல் வேண்டும். 'டெரகோட்டா' என்று மட்டும் எழுதப்பட்ட பதிவில் புவிசார் குறியீடு காக்கும் ஊர்ப்பெயருக்கே இடமில்லாமற் போகிறது.