பனிக் குளிரில் வேட்டை நாய்கள்: நடுக்கம் நின்றால் நிம்மதி அல்ல, ஆபத்து

காஷ்மீர் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் டிசம்பர் 21-ஆம் தேதி 'சில்லை கலான்' எனப்படும் 40 நாள் கடுங்குளிர் காலம் தொடங்குகிறது. ஏறத்தாழ அதே நாட்களில் டெல்லி, பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசச் சமவெளிகளிலும் குளிர் அலை வீசத் தொடங்கிவிடும். சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இறங்கினால் அதனைக் குளிர் அலை என இந்திய வானிலை ஆய்வுத் துறை வகைப்படுத்துகிறது. இத்தகைய இரவுகளிலும், 'நாய்க்குத்தான் ரோமம் இருக்கிறதே' என்ற எண்ணத்தில் பலர் தங்கள் வளர்ப்பு நாய்களை வாசலிலேயே கட்டி வைக்கின்றனர். வேட்டை நாய் இனங்களைப் பொறுத்தவரை இந்த எண்ணம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வன உயிரினங்களை வேட்டையாடுவதைத் தடை செய்த பின்னர், வேட்டைக்கென உருவான நாய் இனங்கள் காவலுக்கும் தோழமைக்கும் வளர்க்கப்படுகின்றன. 2020 ஆகஸ்ட் 30 அன்று ஒலிபரப்பான 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் முதோல் ஹவுண்ட், ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை உள்ளிட்ட இந்திய இனங்களைப் பிரதமர் நரேந்திர மோடி குறிப்பிட்டுப் பேசினார். வெப்ப மண்டலத்தில் உருவான இந்த இனங்களைக் குளிர் மிகுந்த பகுதிகளில் வளர்ப்போர், அவற்றின் உடலமைப்பை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

எல்லா நாய்களுக்கும் ஒரே குளிர் அல்ல

கர்நாடகத்தின் முதோல், தமிழகத்தின் சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை வறண்ட வெட்டவெளியில் முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிப்பதற்காக வளர்க்கப்பட்டவை. நீண்ட கால்கள், ஒடுங்கிய வயிறு, மெல்லிய தோல், குறுகிய ரோமம் ஆகியவை ஓட்டத்தில் உண்டாகும் வெப்பத்தை விரைவில் வெளியேற்ற உதவுகின்றன. குளிர் காலத்தில் அதே உடலமைப்பு பாதகமாகிறது. தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவு. வெப்பத்தைத் தேக்கும் அடர்ந்த உள்ரோமமும் இல்லை. வட இந்தியாவிலேயே உருவான ராம்பூர் ஹவுண்டும் குறுகிய ரோமம் கொண்டதே.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களுக்கு உதவிய நாய்களின் வழிவந்த லாப்ரடாரின் உடலமைப்பு வேறு. அதற்கு நீர் ஒட்டாத மேல்ரோமமும் அடர்ந்த உள்ரோமமும் உண்டு. ஆனாலும் நனைந்த உடலுடன் காற்றில் நின்றால் அதுவும் வெப்பத்தை இழக்கும். குளிர்ந்த நீரில் நீண்ட நேரம் நீந்திய லாப்ரடார்களுக்கு வால் தசை பாதிக்கப்பட்டு, வால் தொங்கிப்போய் வலிப்பதும் உண்டு. பெரும்பாலும் சில நாட்கள் ஓய்வில் இது குணமாகிவிடும்.

எந்த இனமாயினும் குட்டிகள், முதிய நாய்கள், நோயுற்ற நாய்கள் ஆகியவற்றைக் குளிர் எளிதில் பாதிக்கும். பிறந்த குட்டிகளுக்கு முதல் வாரங்களில் உடல் வெப்பத்தைத் தாமாகக் காத்துக்கொள்ளும் திறன் இல்லை. தாயின் சூடே அவற்றுக்குப் பாதுகாப்பு.

அறிகுறிகளை அறிவது எப்படி?

நலமாக உள்ள நாயின் உடல் வெப்பநிலை சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அது 37 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உடல் குளிர்ச்சி நிலை தொடங்கிவிட்டது என்று பொருள். முதலில் நாய் நடுங்கும், உடலைக் குறுக்கிக்கொள்ளும், பாதங்களை மாறி மாறித் தூக்கும். அடுத்து நடை தளரும், தசைகள் விறைக்கும், சோர்வு மிகும்.

இதன் பிறகு நடுக்கம் நின்றுவிடக்கூடும். பலர் ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். நாய் அமைதியாகித் தூங்குவதாக அவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில், நடுங்கி வெப்பம் உண்டாக்கும் ஆற்றலையே உடல் இழந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. மூச்சும் இதயத் துடிப்பும் மெதுவாகும் இந்நிலையில் தாமதமின்றி மருத்துவ உதவி தேவை.

முதலுதவி

நாயை உடனே காற்றுப்படாத இடத்துக்குக் கொண்டுவந்து, ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த கம்பளியால் போர்த்த வேண்டும். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி மார்பு, வயிற்றுப் பகுதிகளை ஒட்டி வைக்கலாம். கொதிநீரில் குளிப்பாட்டுவதும், தீயருகே கிடத்துவதும் தவறு. உணர்விழந்த தோல் எளிதில் வெந்துவிடும். மயங்கிய நாயின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

குளிருக்குப் பிராந்தி கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. மது தோலின் ரத்த நாளங்களை விரியச் செய்து, எஞ்சிய வெப்பத்தையும் வெளியேற்றிவிடும். நாய்களுக்கு அது நஞ்சும்கூட. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற மனிதர்களுக்கான வலி மாத்திரைகளையும் தாமாகக் கொடுக்கக் கூடாது.

காது நுனி, வால் நுனி, விரல்கள் ஆகியவை வெளிறியோ நீலம் பாரித்தோ இருந்தால் அது உறைபனிக் காயமாக இருக்கலாம். அந்த இடத்தைத் தேய்க்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அன்றாடப் பராமரிப்பு

மெல்லிய ரோமம் கொண்ட வேட்டை நாய்களைக் குளிர் இரவுகளில் வீட்டுக்குள் உறங்க வைப்பதே பாதுகாப்பானது. வெறும் சிமெண்ட் தரை உடல் வெப்பத்தை உறிஞ்சும் என்பதால், தரையிலிருந்து சற்று உயர்ந்த பலகையோ கட்டிலோ இட்டு, அதன் மேல் உலர்ந்த விரிப்பைப் போடலாம். வெளியே அழைத்துச் செல்லும்போது கழுத்து முதல் வால் தொடக்கம் வரை முதுகையும் வயிற்றையும் மூடும் மேலாடை உதவும். அது நனைந்தால் உடனே கழற்றிவிட வேண்டும்.

பனிப் பாதையில் நடந்து திரும்பியதும் பாதங்களை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைப்பது அவசியம். பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு பாதங்களை எரிச்சலூட்டும். நாய் அதை நக்கினால் வயிறும் கெடும். காக்கர் ஸ்பேனியல் போன்ற நீள்ரோம இனங்களின் விரல் இடுக்கில் பனி உருண்டைகள் சேராதிருக்க, அங்குள்ள ரோமத்தை நறுக்கிவிடலாம்.

ஓடும் எதையும் துரத்துவது வேட்டை நாயின் இயல்பு. பனி மூடிய நிலத்தில் வாசனைத் தடம் மங்குவதால், அவிழ்த்துவிட்ட நாய் வழி தவறலாம். உறைந்த ஏரியின் மெல்லிய பனித் தளம் உடைந்து நீரில் விழவும் கூடும். எனவே கயிற்றில் பிடித்தே நடத்த வேண்டும். மூடுபனிக் காலத்தில் ஒளி எதிரொளிக்கும் கழுத்துப்பட்டை நல்லது.

குளிரில் உழைக்கும் நாய்க்குக் கொழுப்பும் புரதமும் கூடுதலாகத் தேவை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாய்க்கு உணவை மிகையாகக் கூட்ட வேண்டியதில்லை. குடிநீர் உறைந்துவிடாமல் அடிக்கடி மாற்றித் தர வேண்டும்.

மறைந்திருக்கும் இரு அபாயங்கள்

மூடிய அறையில் கரி அடுப்பைக் கணப்பாக எரித்தால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, உறங்கும் மனிதரையும் நாயையும் ஒருசேரக் கொல்லக்கூடியது. வாகன ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்பான் திரவத்தில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்டது. சிந்தியதை நாய் சிறிதளவு நக்கினாலும் சிறுநீரகம் செயலிழக்கும்.

சட்டம் சொல்வது

வளர்ப்பு விலங்குக்குப் போதிய உணவு, நீர், உறைவிடம் அளிக்காமல் விடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். வரம்பின்றி நீண்ட நேரம் சங்கிலியில் கட்டி வைப்பதும் அதே பிரிவில் அடங்கும். முதோலையோ சிப்பிப்பாறையையோ குளிர் பிரதேசத்துக்குக் கொண்டுசெல்ல விரும்புவோர், குளிர்காலம் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே கொண்டுசென்று பழக்கப்படுத்துவது நல்லது. குளிர் இரவுகளில் அதற்கு வீட்டுக்குள் இடம் தர இயலாதவர்கள், அந்த இனத்தை வாங்காமல் இருப்பதே உகந்தது.