மெல்பர்ன்: தெருவில் கத்தி, வீட்டில் மௌனம்

2025 மே 25, ஞாயிறு பிற்பகல். மெல்பர்னின் வடபுறநகரான பிரெஸ்டனில் உள்ள நார்த்லேண்ட் வணிக வளாகத்தில் வார இறுதிக் கூட்டம். உணவகப் பகுதியில் இரண்டு இளைஞர் கும்பல்கள் மோதிக்கொண்டன. சிலர் கையில் மச்செட்டி எனப்படும் நீண்ட வெட்டுக்கத்தி. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் கிடைத்த கடைக்குள் புகுந்து ஒளிந்தார்கள். இருபது வயது இளைஞர் ஒருவர் தலையில் காயத்துடன் மருத்துவமனைக்குப் போனார்.

இப்படிப்பட்ட காணொளி வாட்ஸ்அப்பில் வந்து விழும்போது, பிள்ளையை அங்கே படிக்க அனுப்பிவிட்டுச் சென்னையிலோ கோவையிலோ இருக்கும் பெற்றோருக்கு எப்படித் தூக்கம் வரும்? யாழ்ப்பாணத்து வாள்வெட்டுக் குழுக்களைப் பார்த்துவிட்டு, இனியாவது நிம்மதி என்று அங்கே குடியேறியவர்களுக்கோ அது பழைய பயத்தைக் கிளறிவிடும். இந்தப் பயத்தை வெறும் வதந்தி என்று ஒதுக்க முடியாது.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் அரசு வேகமாகத்தான் அசைந்தது. மூன்றே நாளில், மே 28 முதல், மச்செட்டி விற்பனைக்குத் தடை. செப்டம்பர் 1 முதல் வைத்திருப்பதே குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, இல்லையேல் 47 ஆயிரம் டாலருக்கு மேல் அபராதம். கையில் இருப்பதை நவம்பர் இறுதிக்குள் காவல் நிலைய வாசலில் வைத்த பெட்டிகளில் போட்டுவிடலாம், கேள்வி கிடையாது என்றார்கள். வைத்திருப்பதற்கான தடை வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 6 இரவு, மேற்குப் புறநகரான கோபிள்பேங்கில், கூடைப்பந்து விளையாடிவிட்டு வீடு திரும்பிய 12 வயதுச் சிறுவனும் 15 வயதுச் சிறுவனும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கைதானவர்களில் பலர் பதின்வயதினர்.

பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு படிக்கிற வயது.

விக்டோரியாவில் குற்றத்துக்காகப் பிடிபடுவோரில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் சிறு பங்குதான். ஆனால் வழிப்பறி வழக்குகளில் மட்டும் பார்த்தால் பாதிக்கு மேல் அவர்கள். கார் சாவிக்காக நள்ளிரவில் வீடு புகுவதும் இவர்கள் அதிகம் செய்யும் குற்றம். திரும்பத் திரும்பப் பிடிபடுவது அதே சில நூறு பேர் என்கிறது காவல்துறை. 2025 மார்ச்சில் ஜாமீன் சட்டத்தையும் கடுமையாக்கினார்கள். அது தேவைதான். ஆனால் பள்ளியை விட்டு நின்ற பையனை 13 வயதிலேயே கண்டுகொள்ளாத அரசு, 16 வயதில் சிறையில் போடுவதால் தெரு பாதுகாப்பாகிவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சிட்னியின் துயரம் வேறு வகை. 2024 ஏப்ரல் 13 அன்று போண்டி ஜங்ஷன் வணிக வளாகத்தில் ஒருவன் கத்தியால் ஆறு பேரைக் கொன்றான். அவர்களில் ஐவர் பெண்கள். ஆறாமவர் பாகிஸ்தானிலிருந்து அகதியாக வந்து அங்கே காவலாளியாக வேலை பார்த்தவர். கொன்றவன், மனச்சிதைவு நோய்க்கான மருந்தை நிறுத்தியிருந்தவன். 2025 டிசம்பர் 14 அன்று போண்டி கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா விழாவில் 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது பயங்கரவாதம். அதைத் தெருக் குற்றங்களோடு சேர்த்து எண்ணக் கூடாது.

அச்சம் வந்ததும் முதலில் தேடப்படுவது ஓர் இனத்தின் பெயர். 2018 ஜனவரியில் மத்திய அமைச்சர் பீட்டர் டட்டன், 'ஆப்பிரிக்கக் கும்பல்களுக்கு' அஞ்சி மெல்பர்ன் மக்கள் உணவகம் போகவே பயப்படுகிறார்கள் என்றார். நம்மவர்கள் சிலரும் அதையே இன்றுவரை சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 2009-இல் மெல்பர்ன் ரயில்களில் அடிபட்டவர்கள் நம் மாணவர்கள். மே 31 அன்று ஆயிரக்கணக்கில் திரண்டு, ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்தின் முன் சாலையில் உட்கார்ந்தார்கள். அந்தத் தாக்குதல்களைக் கண்டித்து, ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்று தனக்கு அறிவித்த கௌரவ டாக்டர் பட்டத்தை அமிதாப் பச்சன் ஏற்கவில்லை. தோல் நிறத்தை வைத்து மதிப்பிடாதே என்று அன்று கேட்டோம். கோபிள்பேங்கில் செத்த இரண்டு சிறுவர்களும் தென் சூடான் வம்சாவளிக் குடும்பத்துப் பிள்ளைகள்.

இனி, காணொளியில் வராத வன்முறைக்கு வருகிறேன். ஆஸ்திரேலியக் குற்றவியல் நிறுவனம் 1989 முதல் கொலைகளைக் கணக்கெடுத்து வருகிறது. தொடக்கத்தில் லட்சம் பேருக்கு இரண்டை நெருங்கி இருந்த கொலை விகிதம் 2022–23-இல் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் கணவன், காதலன், முன்னாள் துணைவன் கையால் கொல்லப்பட்ட பெண்கள் அதே ஆண்டில் 34 பேர். அடுத்த ஆண்டு 46 பேர். விக்டோரியா காவல்துறை பதிவு செய்யும் குடும்ப வன்முறைச் சம்பவங்கள் இப்போது ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். தெருவில் வெட்டுக்கத்தியோடு வருபவனுக்கு முன்பின் தெரியாத முகம்; வீட்டுக்குள் அடிப்பவனுக்கு நாம் கல்யாணத்தில் அட்சதை போட்டிருக்கிறோம்.

சிட்னியில் வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், மெல்பர்னில் டாண்டினாங், கிளென் வேவர்லி என்று நம்மவர்கள் சேர்ந்து வாழும் இடங்களில் கோயில் திருவிழாவும் தமிழ்ப் பள்ளியும் குறைவில்லாமல் நடக்கின்றன. ஆனால் ஒரு பெண் கையில் காயத்துடன் வந்தால், "கொஞ்சம் பொறுத்துப் போம்மா, விசா அவன் பேரில்தானே இருக்கு" என்றுதான் இன்னும் சொல்கிறோம். துணைவர் விசாவில் இருப்பவர், வன்முறையால் உறவு முறிந்தாலும், நிரந்தர வசிப்புரிமைக்கான விண்ணப்பத்தைத் தொடர சட்டம் இடம் தருகிறது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது, சம்பளத்தை வாங்கிக்கொள்வது, யாரோடும் பேசவிடாமல் அடைத்து வைப்பது எனத் துணைவரைத் தொடர்ந்து அடக்கி ஆள்வது, சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல் தனிக் குற்றம். அடி விழுந்திருக்க வேண்டும் என்றில்லை. கோயில் அறிவிப்புப் பலகையிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் இதை எழுதி ஒட்டுங்கள் என்று அங்குள்ள நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மகளோ தங்கையோ அங்கே இருந்தால் இந்த எண்களை இன்றே அனுப்பி வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 000. குடும்ப வன்முறை ஆலோசனைக்கு 1800 737 732. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். ஆங்கிலம் வராதவர்கள் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.