ஓதத்தைக் கட்டிவைத்த ஊர்: பிரிஸ்டல்

பிரிஸ்டல் கடற்கரை ஊர் அல்ல. இங்கிலாந்தின் தென்மேற்கே, ஏவன் ஆறு செவர்ன் முகத்துவாரத்தில் கலக்கும் இடத்திலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரம் கப்பல்களை ஏற்றிக்கொண்டு வந்தது ஓதம்தான். முகத்துவாரம் உள்ளே வர வரக் குறுகுவதால், அட்லாண்டிக்கின் ஏற்றநீர் நெருக்கப்பட்டு உயர்கிறது. பெரிய ஓதங்களின்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 14 மீட்டரை எட்டும். உலகிலேயே மிகப் பெரிய ஓதங்களில் இதுவும் ஒன்று.

வரும் தண்ணீர் திரும்பியும் போகுமே! வற்றம் வந்ததும் கப்பல்கள் சேற்றில் உட்கார்ந்துவிடும். உறுதியில்லாத கப்பலின் அடிப்பகுதி சொந்தப் பாரத்தாலேயே விரிசல் விடும்.

இதற்கு வில்லியம் ஜெசப் என்ற பொறியாளர் கண்ட வழியை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. ஆற்றையே இரண்டாக்கிவிட்டார். ஓதம் வந்து போக நகரின் தெற்கே புதிதாக ஒரு கால்வாய் வெட்டினார். பழைய ஆற்றுப்படுகையை அணையாலும் மதகுகளாலும் அடைத்து, தண்ணீர் இறங்காத துறைமுகமாக்கினார். 1804இல் தொடங்கிய வேலை 1809இல் முடிந்தது. வெளியே ஆற்றின் மட்டம் ஏறி இறங்கினாலும், ‘ஃபுளோட்டிங் ஹார்பர்’ எனப்படும் இந்த நீர்நிலையில் கப்பல் மிதந்துகொண்டே இருக்கும்.

ஆனால் ஓடாத தண்ணீரில் வண்டல் படியும். துறைமுகம் தூர்ந்துகொண்டே வந்தது. 1830களில் இசம்பார்ட் கிங்டம் புரூனெல் என்ற பொறியாளர் அந்த அணையின் அடியில் ஆழமான மதகுகளை அமைத்தார். வெளியே நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அவற்றைத் திறந்தால், உள்ளிருக்கும் நீரின் அழுத்தமே சேற்றை அரித்து ஆற்றுக்குள் தள்ளிவிடும். மதகுக்கு எட்டாத சேற்றை ஒரு படகு சுரண்டி இழுத்து வந்தது. அந்த அணை இருக்கும் அண்டர்ஃபால் யார்டில் மதகுகள் இன்றும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன.

அதே புரூனெல் இங்கே கட்டிய எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் கப்பல் 1843இல் நீரில் இறங்கியது. இரும்பு உடலும் திருகு உந்தியும் கொண்ட, அட்லாண்டிக்கைக் கடந்த முதல் பெரிய கப்பல் அது. 98 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் துறைமுக வாயிலில் சிக்கிக்கொண்டது. கல்கட்டுமானத்தைப் பெயர்த்த பிறகே, 1844 டிசம்பரில் வெளியேறியது. பின்னாளில் ஃபாக்லாந்துத் தீவில் கைவிடப்பட்டுக் கிடந்ததை மீட்டு, 1970இல் அது பிறந்த அதே உலர்துறைக்குக் கொண்டுவந்தார்கள். கப்பலைச் சுற்றி நீர்மட்டத்தில் கண்ணாடித் தளம், அதன்மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம். கீழே இறங்கினால், துருவேறிய இரும்புத் தகடுகளை அருகில் நின்று பார்க்கலாம். துரு மேலும் பரவாதபடி இயந்திரங்கள் அங்குள்ள காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன.

இந்தத் துறைமுகத்தின் செல்வத்தில் பெரும்பங்கு அடிமை வணிகத்தில் வந்தது. ஐந்து லட்சம் அளவிலான ஆப்பிரிக்கர்களைப் பிரிஸ்டல் கப்பல்கள் விலங்கிட்டுக் கொண்டுபோயின. அடிமை வணிகரான எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையை 2020 ஜூனில் போராட்டக்காரர்கள் சாய்த்து, இதே தண்ணீரில் தள்ளினார்கள். அதை மீட்டு, போராட்டக்காரர்கள் மேலே பூசிய வண்ணம் அழியாமல் எம் ஷெட் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பிரிஸ்டலுக்குப் போகிறவர்கள் தவறவிடக் கூடாத இடம் அது.

கப்பல்கள் பெருத்ததும் வணிகம் ஆற்றின் வாய்க்கு, ஏவன்மவுத்துக்கு நகர்ந்துவிட்டது. ஆனாலும் பழைய துறைமுகத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு, வற்றம் வரும் நேரத்தில் துறைமுக வாயிலான கம்பர்லாந்து பேசின் பக்கம் நிற்பது நல்லது. மதகின் ஒரு பக்கம் நிறைந்த துறைமுகத்தையும், மறுபக்கம் வெறும் சேறாகக் கிடக்கும் ஆற்றையும் ஒருசேரப் பார்த்தால், ஜெசப்பின் வேலை முழுவதும் விளங்கிவிடும்.