ஈயக்குண்டு எங்கே போய் நிற்கிறது?

திருகோணமலைக்கு வந்தவர்கள் கோட்டை வாசலில் நின்று மான்களோடு படம் எடுக்காமல் திரும்புவதில்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கடற்கரைப் பக்கத்திலும் திரியும் இந்தப் புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. கையை நீட்டினால் கிட்ட வந்து மணந்து பார்க்கும். அதே மாவட்டத்தில் கந்தளாய்ப் பக்கமோ சோமாவதிக் காட்டோரமோ போய்ப் பாருங்கள். மனித வாடை பட்ட உடனேயே மரை காட்டுக்குள் மறைந்துவிடும். ஒரே மாவட்டத்து விலங்குகளுக்குள் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், இடையில் ஒரு துவக்கு இருக்கிறது. பெரும்பாலும் அது இடியன் துவக்கு.

இந்தக் கட்டுரை அந்தத் துவக்கைப் பற்றியது அல்ல, அதற்குள்ளிருந்து போகும் குண்டைப் பற்றியது. யுத்தத்தின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த நாங்கள் துவக்குகளின் பெயர்களை நிறையவே அறிவோம். ஒரு குண்டு உடம்புக்குள் போன பிறகு என்ன செய்கிறது, அது என்ன அளவில் எதனால் ஆனதாக இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் பற்றி எங்களில் பலருக்குத் தெரிவது குறைவு.

மரையை ‘எல்க்’ என்று அழைத்தவர்கள்

வட அமெரிக்காவில் ‘எல்க்’ என்று ஒரு பெரிய மான் இனம் உண்டு. நன்கு வளர்ந்த கிடா 300 கிலோகிராமைத் தாண்டும். அந்த மான் இலங்கையில் இல்லை. ஆனாலும் நுவரெலியாவுக்கு அருகில் ‘எல்க் பிளெயின்ஸ்’ என்று ஓர் இடம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த பிரித்தானியர்கள் எங்கள் மரையைத்தான் ‘எல்க்’ என்று அழைத்தார்கள். மரைக் கிடாவும் 200 கிலோகிராமைத் தாண்டக்கூடிய விலங்குதான்.

அந்தக் கால வேட்டைக்காரர்களில் பேர்பெற்றவர் சாமுவேல் பேக்கர். 1840களில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் குடியேறியவர். மரையை அவர் பெரும்பாலும் வேட்டை நாய்களாலும் கத்தியாலும்தான் வேட்டையாடினார். யானை போன்ற பெரிய விலங்குகளுக்கென்று வாய்ப்பக்கத்தால் நிரப்பும் பெரிய றைபிள்களை வைத்திருந்தார். அவர் விசேடமாகச் செய்வித்த ஒரு றைபிளின் எடை ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோகிராம். அதன் உருண்டைக் குண்டு ஒன்று 85 கிராம், கூம்புக் குண்டு 113 கிராம். பெரிய விலங்கைச் சிறிய குண்டால் சுட்டால் அது சாகாது, காயத்தோடு போய்விடும் என்பதை அவர் அனுபவத்தில் அறிந்திருந்தார்.

குண்டின் கணக்கு

வாய்ப்பக்கத்தால் நிரப்பும் துவக்கில் முதலில் மருந்து, அதன் மேல் குண்டு. பழைய பீரங்கிகளும் இதே முறையில்தான் வேலை செய்தன. இந்த வகைத் துவக்கில் கறுப்பு மருந்து தரும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. இராணுவத் துவக்குகள் போல வேகத்தால் வேலையை முடிக்க இதனால் முடியாது. ஆகவே குண்டின் எடையும் விட்டமும்தான் முக்கியமாகின்றன.

இங்கே ஒரு சின்னக் கணக்கைக் கவனியுங்கள். 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஈய உருண்டை ஏறக்குறைய 6 கிராம் இருக்கும். விட்டத்தைப் பன்னிரண்டரை மில்லிமீற்றர் ஆக்கினால் எடை 12 கிராமை நெருங்கும். விட்டம் கால்பங்கு கூட, எடை இரட்டிப்பாகிறது. மறுபக்கம், 5 மில்லிமீற்றர் சன்னம் ஒன்று முக்கால் கிராம்தான். பத்துச் சன்னங்களைப் போட்டுச் சுட்டாலும் ஒவ்வொன்றும் தனித்தனி முக்கால் கிராமாகத்தான் விலங்கின் தோலில் படும். பத்தும் சேர்ந்து ஒரு பெரிய குண்டின் வேலையைச் செய்வதில்லை.

அடுத்தது வடிவம். உருண்டைக் குண்டு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழந்துவிடும். நூறு யார் போவதற்குள் புறப்பட்ட வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். தாக்கும் சக்தியில் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அதனால்தான் உருண்டைக் குண்டு கிட்டத்துக்கு உரியது. கூம்புக் குண்டு நீளமானது, அதே விட்டத்தில் இரண்டு மடங்கு எடை இருக்கலாம், ஆழமாகப் போகும். ஆனால் அதற்கேற்ற குழல் வேண்டும். குழலின் உட்புறத்தில் உள்ள சுரி, நீண்ட இடைவெளியில் ஒரு சுற்றுச் சுற்றினால் உருண்டைக் குண்டுக்குப் பொருந்தும். குறுகிய இடைவெளியில் சுற்றினால் கூம்புக் குண்டுக்குப் பொருந்தும். மாற்றிப் போட்டால் குறி தவறும்.

கூம்புக் குண்டின் வரலாறு வேட்டையின் வரலாறு அல்ல, யுத்தத்தின் வரலாறு. 1849இல் பிரெஞ்சு இராணுவ அதிகாரி மினியே உருவாக்கிய குண்டு, கிரைமியப் போரிலும் 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் பரவலாகப் பயன்பட்டது. மென்மையான ஈயம் எலும்பில் பட்டதும் தட்டையாகி விரியும், எலும்பு நொறுங்கும். அந்தப் போரில் வைத்தியர்கள் அவ்வளவு கைகால்களை அகற்ற வேண்டி வந்ததற்கு அந்தக் குண்டு ஒரு முக்கிய காரணம். இன்று வேட்டைக்காரர்கள் விரும்பும் ‘விரியும் ஈயம்’ என்ற குணம் அன்று மனிதக் கால்களில் பார்க்கப்பட்ட அதே குணம்தான்.

அமெரிக்காவில் ஏன் சட்டம் போட்டார்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எல்க் வேட்டைக்கு வாய்ப்பக்கத்தால் நிரப்பும் றைபிளுக்கென்றே தனியான பருவம் உண்டு. அங்கே சட்டம் துவக்கை மட்டுமல்ல, குண்டையும் அளக்கிறது. மான் வேட்டைக்குக் குழலின் விட்டம் குறைந்தது 0.40 அங்குலம் இருக்க வேண்டும். எல்க் வேட்டைக்குக் குறைந்தது 0.50 அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். குண்டுக்கும் குறைந்தபட்ச எடை குறிக்கப்பட்டிருக்கிறது: 0.50 அங்குலம் வரையான குழலுக்கு ஏறக்குறைய 11 கிராம், அதைவிடப் பெரிய குழலுக்கு ஏறக்குறைய பதின்மூன்றரைக் கிராம். அந்தப் பருவத்தில் தொலைநோக்கி பொருத்தக்கூடாது.

இந்தச் சட்டத்தின் நோக்கம் வேட்டைக்காரரைச் சிரமப்படுத்துவதல்ல. சுட்ட விலங்கு சீக்கிரம் சாக வேண்டும், காயத்தோடு ஓடிப்போய் எங்கேயோ நாட்கணக்கில் கிடந்து சாகக்கூடாது என்பதே அடிப்படை. பொறுப்பான வேட்டைக்காரர் பருவம் தொடங்குமுன் தன் துவக்குக்கு எந்தக் குண்டு பொருந்துகிறது என்று கடதாசிக் குறியில் சுட்டுப் பார்ப்பார். எவ்வளவு தூரத்தில் குண்டுகள் எல்லாம் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு வட்டத்துக்குள் விழுகின்றனவோ, அதுதான் அவருடைய எல்லை. அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்பு நின்றாலும் சுடமாட்டார். தோள்பட்டைக்குப் பின்னால் இருக்கும் நுரையீரலையும் இருதயத்தையும் எட்டும் குண்டுதான் நல்ல குண்டு. மற்றதெல்லாம் காயம்.

எங்கள் காட்டில் நடப்பது

இலங்கையில் மரையும் புள்ளிமானும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை வேட்டையாடுவது குற்றம். துவக்கு வைத்திருப்பதற்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். பயிரைக் காக்கவென்று விவசாயிகளுக்கு அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு கொடுக்கும் வழக்கமும் உண்டு.

ஆனால் காட்டோரத்தில் புழங்குவது பெரும்பாலும் அனுமதியில்லாத இடியன். அதன் குழலுக்குள் சுரி இல்லை. அதற்குள் போகும் குண்டுக்கு எந்த அளவும் இல்லை. ஈய உருண்டை, சன்னம், சில வேளை ஆணித் துண்டு என்று கையில் கிடைத்தது போகும். அமெரிக்கச் சட்டம் எதைத் தடுக்கப் பார்க்கிறதோ, அது முழுவதும் இங்கே நடக்கிறது. சுடப்படும் விலங்குகளில் எல்லாமே அந்த இடத்தில் விழுவதில்லை. வயிற்றிலோ காலிலோ குண்டோடு போய்ச் சாகும் மரையை யாரும் எண்ணுவதில்லை.

எண்ணப்படுவது யானை மட்டும்தான். 2023ஆம் ஆண்டில் இலங்கையில் 470க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. துவக்குச் சூடு, வாய்க்குள் வெடிக்கும் வெடி, சட்டவிரோத மின்கம்பி ஆகியவை முக்கிய காரணங்கள். யானையை விரட்டத்தானே சுட்டோம் என்று நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 10 கிராம் ஈயம் மூன்று, நான்கு தொன் உடம்பை வீழ்த்தாது. தோலைத் துளைத்துத் தசைக்குள் தங்கும், சீழ் பிடிக்கும், வாரக்கணக்கில் வலிக்கும். வலியோடு திரியும் யானை பயந்து ஒதுங்கும் யானை அல்ல. அது அடுத்த கிராமத்து வேலியை உடைக்கும்போது அங்கே நிற்பவருக்கு யார் சுட்டது என்று தெரியாது.

விவசாயியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2006இல் சம்பூர், மூதூர் கிழக்குப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். சம்பூருக்குப் பலர் திரும்ப முடிந்தது 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான். வீட்டு வளவு பற்றையாகி, வயல் காடாகி, காடு விலங்குகளின் பாதையாகி இருந்தது. கடன் பட்டு விதைத்த நெல்லை ஒரே இரவில் பன்றி கிண்டிவிட்டால், யானை மிதித்துவிட்டால், அந்த இழப்பை நாகரிகமான வார்த்தைகளால் ஆற்ற முடியாது. யானை வேலியும், யானை வெடியும், நேரத்துக்குக் கிடைக்கும் நட்டஈடும் இல்லாத இடத்தில் இடியன் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதைக் கேட்க வேண்டிய இடம் மாவட்டச் செயலகமும் வனஜீவராசிகள் திணைக்களமும்.

இன்னும் மோசமானது கட்டுத்துவக்கு. விலங்கின் பாதையில் ஆளில்லாமல் கட்டிவைக்கப்படும் துவக்குக்கு வருவது மரையா, தேன் எடுக்கப் போனவரா, விறகு பொறுக்கப் போன அம்மாவா என்று தெரியாது. விலங்கின் உயரத்துக்குக் கட்டப்படுவதால் அது பெரும்பாலும் மனிதரின் கால்களைத்தான் பதம் பார்க்கிறது. மிதிவெடிக்குக் கால் கொடுத்தவர்கள் வாழும் ஊர்களில், மிதிவெடி அகற்றிய பிறகும் காட்டுப் பாதையில் காலுக்குப் பயந்து நடக்க வேண்டியிருப்பது வேதனை. அப்படி ஒருவர் காயப்பட்டால் இரத்தம் வரும் இடத்தைத் துணியால் இறுக்கி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே இருப்பதைத் தோண்டி எடுக்க முயலாதீர்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கேளுங்கள். வைத்தியரிடம் எதனால் வந்த காயம் என்பதை மறைக்காதீர்கள். ஆணித் துண்டா ஈயமா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும்.

உடம்பில் தங்கும் ஈயம்

ஈயம் ஒரு நஞ்சு. பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. 2008இல் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் ஏழைகளுக்கென்று உணவு வங்கிகளுக்குக் கொடுக்கப்பட்ட மான் இறைச்சியில் ஈயத் துகள்கள் காணப்பட்டன. அதை எறிந்துவிடும்படி சுகாதார அதிகாரிகள் அறிவித்தார்கள். வேகம் கூடிய நவீன றைபிள் குண்டு அதிகம் சிதறும். வேகம் குறைந்த உருண்டைக் குண்டு குறைவாகச் சிதறும், ஆனால் சிதறாது என்றில்லை. கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடைசெய்துவிட்டது. செம்பினால் ஆன குண்டுகள் அதன் இடத்துக்கு வருகின்றன. எங்கள் ஊரில் ‘காட்டு இறைச்சி’ என்று இரகசியமாகக் கைமாறும் பொதியில் என்ன குண்டு இருந்தது என்று கேட்பவர் யாருமில்லை. அதைச் சாப்பிடும் பிள்ளைக்கும் தெரியாது.

கடைசியாக ஒன்று. இதை வாசிக்கும் சிலருடைய உடம்பில் இன்றும் ஏதாவது ஓர் உலோகத் துண்டு இருக்கக்கூடும். செல் துண்டு பெரும்பாலும் இரும்பு. துவக்குச் சன்னத்தின் உள்ளே பெரும்பாலும் ஈயம். தசைக்குள் இருக்கும் துண்டைச் சுற்றித் தழும்பு மூடிக்கொள்ளும், அதனால் வைத்தியர்கள் அதை எடுக்காமலே விடுவதுண்டு. ஆனால் முழங்கால், இடுப்பு போன்ற மூட்டுக்குள் இருக்கும் ஈயம் அங்குள்ள திரவத்தில் மெதுவாகக் கரைந்து இரத்தத்தில் கலக்கலாம், வருடங்கள் கழித்தும் கலக்கலாம். காரணம் தெரியாத வயிற்றுவலி, களைப்பு, இரத்தச்சோகை, கைகால் விறைப்பு இருந்தால், உள்ளே துண்டு இருப்பதை வைத்தியரிடம் சொல்லி, இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குப் போகுமுன்பும் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒரு குண்டைத் தெரிவு செய்பவர் அது எங்கே போய் நிற்கும் என்பதையும் சேர்த்தே தெரிவு செய்கிறார். கொலராடோவில் அதை ஒரு சட்டம் அவருக்கு நினைவூட்டுகிறது. எங்கள் காடுகளில் அதை நினைவூட்ட, உடம்பில் இன்னும் துண்டுகளைச் சுமக்கும் நாங்கள் இருக்கிறோம். காட்டோரத்தில் கட்டுத்துவக்கு ஒன்றைக் கண்டால் தொடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, வந்த வழியாலேயே திரும்பி வந்து, கிராம சேவகருக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். அடுத்த நாள் அந்தப் பாதையால் யாரோ விறகுக்குப் போகப் போகிறார்கள்.